மூடியைத் தொடாதீங்க

வெந்துவிட்டதா என்று பானையைத் திறந்து பார்க்காத ஆளை எங்கள் குடும்பத்தில் நான் கண்டதில்லை. அடுப்படிப் பக்கமே வராதவர்கள்கூட, தண்ணீர் குடிக்க வந்த சாக்கில் மூடியைத் தூக்குவார்கள். கரண்டியில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, "இன்னும் வேகணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஊருக்கு. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு சோறு பதம். நான் கல்வராயன் மலையின் உச்சிக்குப் போவதும் போகாததும் இந்தப் பழக்கத்தில் வந்து மாட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்களுக்கு மலையேறும் பைத்தியம் பிடித்தது போன வருஷம். எங்களுக்கு என்றால் நான், என் வீட்டுக்காரர், கொழுந்தனார், அவர் மனைவியான என் ஓரகத்தி. பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருந்தது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு போய், கூடாரம் போட்டுத் தங்கி, நாமே சமைத்துச் சாப்பிடலாம் என்று கொழுந்தனார் செல்போனில் வீடியோவாகக் காட்டி எங்களைக் கிளப்பினார். நானும் ஆசையாகத்தான் போனேன். அங்கே போன பிறகுதான் நாமே சமைப்பது என்றால் நான் சமைப்பது என்று தெரிந்தது.

உச்சிக்குப் போகிற அன்று காலையில் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் என்று கல்யாண வீடு மாதிரி கேட்டார்கள். மூன்று பேரும் ஷூ மாட்டிக்கொண்டு நின்றபோது உலை அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது.

"நீ இருந்து பாத்துக்க. நாங்க போயிட்டு வந்துடறோம். வந்ததும் சுடச்சுட சாப்டலாம்" என்றார் வீட்டுக்காரர்.

போய்விட்டு வந்தார்கள். சுடச்சுடச் சாப்பிட்டார்கள். "கீழ இருக்கிற ஏரியெல்லாம் கண்ணாடித் துண்டாட்டம் தெரியுதுக்கா, நீங்க பாத்திருக்கணும்" என்றாள் ஓரகத்தி, கையில் அப்பளத்தை வைத்துக்கொண்டு. அந்த ஏரிகளை நான் பார்க்கவில்லை என்பது ஒரு வருஷம் முழுக்க என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்டால், எனக்குப் பெரிய விஷயம்தான். இந்த வருஷம் மறுபடி கிளம்பலாம் என்று பேச்சு வந்தபோது நான் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். சமையல் எப்படியோ போகட்டும், நான் உச்சிக்குப் போக வேண்டும்.

வழி எனக்கு வேலை செய்யும் இடத்தில் கிடைத்தது. விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் யூனிட்டில் எனக்கு வேலை. கரண்டுக்குப் போடும் பீஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் அடுக்கிச் சூளைக்குள் ஏற்றுவோம், வெந்ததும் இறக்குவோம். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. தீயை நிறுத்தின பிறகும் சூளைக் கதவைத் தொடக் கூடாது. சூடு உள்ளேயே கிடந்து தானாகத் தணிய வேண்டும். பொறுக்காமல் திறந்தால் குளிர்ந்த காற்றுப் பட்டு அத்தனை சரக்கும் விரிசல் விடும். ஆர்டர்காரர் போன் மேல் போன் போட்டாலும் முதலாளி சூளையைச் சுற்றிச் சுற்றித்தான் வருவார், கதவில் கை வைக்க மாட்டார். அப்படிக் காத்துக்கொண்டிருந்த ஒரு நாள், தீயே இல்லாமல் இவ்வளவு நேரம் சூடு நிற்கிறதே, ஒரு பானைச் சோற்றுக்கு மட்டும் எதற்கு ஒரு ஆள் காவல் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்த்தேன். பச்சரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் கனமான பானையில் தளதளவென்று கொதித்ததும், சிறிது நேரம் விட்டு அடுப்பை அணைத்தேன். மூடியை இறுக்கிப் பழைய ஸ்வெட்டரால் சுற்றி, அதன் மேல் போர்வையைச் சுற்றி, சாக்குக்குள் இறக்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பிரித்தால் பொங்கல் குழைந்து கிடந்தது. மிளகு, சீரகம், முந்திரி உடைசலை நெய்யில் வறுத்துக் கொட்டினேன். நெய்வேலிப் பக்கமிருந்து பண்ருட்டி வரை முந்திரிக் காடாக இருக்கும் ஊரில் அதற்கா பஞ்சம். வீட்டுக்காரர் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, ஆனா அடிக்கடி பாத்துக்கிட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

மற்றச் சாப்பாட்டையும் எடையில்லாமல் யோசித்து வைத்தேன். ரவையைக் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து வீட்டிலேயே வறுத்துப் பையில் கட்டினேன். வெந்நீரில் கொட்டிக் கிளறினால் உப்புமா. கெட்டி அவல், பொடித்த வெல்லம், உலர்ந்த தேங்காய்த் துருவல் ஒரு பை. தண்ணீரில் ஊறவைத்தால் காலைப் பலகாரம். கெட்டியாகச் சுண்டின புளிக்காய்ச்சல் ஒரு டப்பா. கடலூர்க் கருவாட்டை நெருப்பில் வாட்டி, மிளகாயோடு இடித்த பொடி ஒரு டப்பா. பொங்கல் சாமான், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் சேர்த்து ஒரு பைக்குள் அடங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை பஸ் ஸ்டாண்டு வரைதான். கொழுந்தனாரின் பை தரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. என்ன என்று பார்த்தால் சூளை கட்டும் கனத்த நெருப்புக்கல் மூன்று.

"எதுக்குத் தம்பி இது?"

"அடுப்புக்கு அண்ணி. மலையில இருக்கிற கல்லு ஈரமா இருக்கும், சூடு பட்டா வெடிச்சிடும். இது எவ்வளவு சூட்டையும் தாங்கும்."

பீங்கான் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் மலைக்குக் கல் சுமந்துகொண்டு போக மாட்டார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். வேப்பூர் தாண்டும்போதே பஸ்ஸில் கருவாட்டு வாசனை கிளம்பிவிட்டது. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கி நடக்கும்போது இரண்டு நாய்கள் எங்களோடு சேர்ந்துகொண்டன. கூடாரம் போட இடம் காட்டிய வனத்துறை ஆள், விறகுத் தீ மூட்டவே கூடாது, சின்ன கேஸ் அடுப்பு மட்டும், அதுவும் இந்த இடத்தில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு தூரம் சுமந்த நெருப்புக்கல் உட்கார மட்டுமே உதவியது.

அன்று சாயங்காலம் உப்புமா. கொதித்த தண்ணீரில் கொட்டினதும் கறிவேப்பிலை வாசனை எழும்பி, ஊறுகாயோடு தொட்டுச் சாப்பிட அந்தக் குளிருக்கு அமிர்தமாக இருந்தது. நாலு பேரும் வழித்துச் சாப்பிட்டோம். கையைக் கழுவிவிட்டு வீட்டுக்காரர் கேட்டார், "சரி, சாப்பாடு எப்ப?" எங்கள் பக்கம் சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் டிபன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, நாளைக்குப் பொங்கல் என்றேன்.

விடிந்ததும் அரிசி பருப்பைக் களைந்து உலை வைத்தேன். எல்லோரையும் உட்கார வைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலச் சொன்னேன். "இது கொதிச்சதும் மூடி, சுத்திக் கூடாரத்துக்குள்ள வெச்சிடுவேன். அதுவே வெந்துக்கும். நாம நாலு பேரும் மேல போயிட்டு வந்து சாப்பிடலாம். மூடிய மட்டும் யாரும் தொடாதீங்க."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கொதித்து, மூடி, சுற்றி வைத்துவிட்டு ஓடைக்கு முகம் கழுவப் போனேன். வந்து பார்த்தால் போர்வை அவிழ்ந்து கிடக்கிறது. "உப்பு போட்டீங்களான்னு சந்தேகம் வந்துடுச்சிக்கா, பாத்தேன்" என்றாள் ஓரகத்தி. போட்டிருந்தேன். மறுபடி அடுப்பைப் பற்றவைத்துக் கொதிக்கவிட்டுச் சுற்றினேன். பல் விளக்கித் திரும்புவதற்குள் கொழுந்தனார் போர்வையைப் பிரித்து மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுக்கிறார். "ஆவி வர்றது நல்லா இருக்குது அண்ணி." மறுபடி அடுப்பு. கேஸ் டப்பா லேசாகிக்கொண்டே வந்தது, வெயில் ஏறிக்கொண்டே வந்தது. சூளைக் கதவை இப்படித் திறந்திருந்தால் முதலாளி வேலையை விட்டே அனுப்பியிருப்பார். சோறு என்றால் மட்டும் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம்.

மூன்றாவது முறை சுற்றி, கயிற்றால் கட்டியும் வைத்தேன். ஷூ லேசைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தால் கயிறு ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் கரண்டியோடு நிற்கிறார்.

"தண்ணி பத்தாதாட்டம் இருந்துச்சி. ஒரு சொம்பு ஊத்துனேன்."

ஓடைத் தண்ணீர். கையை வைத்தால் மரத்துப்போகும் குளிர். பானையைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. அரிசி அரையும் குறையுமாக நின்றுவிட்டது. இனி அடுப்பில் வைத்து, ஒருவர் பக்கத்தில் இருந்து கிளறிக் கொதிக்கவிட்டால்தான் உண்டு. அதைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு அவர் போன வருஷம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னார்.

"நீ இருந்து பாத்துக்க. நாங்க போயிட்டு வந்துடறோம்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் கத்துகிற கோபம் இல்லை.

"கடைசியா யாரு தொறந்தாங்களோ அவங்க இருந்து பாத்துக்கட்டும்" என்றேன். "நல்லாக் கொதிச்சதும் அடுப்ப அணைச்சி, மூடிச் சுத்தி வெச்சிடுங்க. அப்புறம் தொறக்காதீங்க. அவ்வளவுதான்."

கொழுந்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஓரகத்தி வானத்தைப் பார்த்தாள். நான் பையை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். பத்தடி போன பிறகுதான் பின்னால் அவர்கள் இருவரும் வரும் சத்தம் கேட்டது.

ஏறுவது கஷ்டம் என்று சொன்னார்கள், எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் ஏறிவிட்டேன். உச்சியில் காற்று முந்தானையைப் பிடுங்கியது. ஓரகத்தி சொன்னது சரிதான், கீழே ஏரிகள் துண்டு துண்டாக மினுங்கின. நான் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருக்கு அந்த அடுப்பைப் பற்றவைக்கத் தெரியுமா என்று நினைத்தேன். கொதி வந்ததும் அணைத்திருப்பாரா, அடிப்பிடித்திருக்குமா, நாய் வந்திருக்குமா. ஒரு வருஷம் ஆசைப்பட்டு ஏறி வந்து, ஏரியைப் பார்த்துக்கொண்டே பானையை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கண்ணை அகலத் திறந்து, ஒவ்வொரு ஏரியாகப் பார்த்தேன். "போட்டோ எடுக்கட்டுமா அண்ணி?" என்று கொழுந்தனார் கேட்டார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இறங்கி வந்தபோது வீட்டுக்காரர் நெருப்புக்கல் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே போர்வை சுற்றிய பானை. கொஞ்ச தூரத்தில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன.

"தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல. நீ சொன்னபடி கொதிக்க வெச்சிச் சுத்திட்டேன்."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யறது. நாய் இருக்குது, விட்டுட்டு எங்கயும் போவ முடியல. உக்காந்து செய்யவும் ஒரு வேலை இல்ல. சும்மா இதயே பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிரித்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பொங்கல் வெந்து குழைந்திருந்தது. வறுத்த முந்திரியையும் மிளகையும் கொட்டி, கருவாட்டுப் பொடியைத் தட்டின் ஓரத்தில் வைத்துக் கொடுத்தேன். பொங்கலுக்குக் கருவாடா என்று யாரும் கேட்கவில்லை, பசி அப்படி. கொழுந்தனார் போனை நீட்டி மேலே எடுத்த படங்களை அண்ணனுக்குக் காட்டினார். அவர் முதல் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமல் கேட்டார். "போன வருசம் நாங்க திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சி?"

"இன்னிக்கி நாங்க போயிட்டு வந்த நேரம்தான்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் சாப்பிட்டார். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார், "அடுத்த தடவ வேப்பூர்லயே பார்சல் வாங்கிட்டு வந்துடலாம். யாரும் கீழ உக்கார வேணாம்."

எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. எவ்வளவு சுலபமான யோசனை. நான் அங்கே உட்கார்ந்திருந்த வருஷம் அது யாருக்கும் வரவில்லை. அவர் காலித் தட்டை என் பக்கம் நீட்டினார். நான் பானையை அவர் பக்கம் நகர்த்தி, மூடியையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, என் தட்டில் இருந்ததைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன்.