என் பித்தப்பைக்காக ஊரே சொன்ன செபம்

அன்பியத்துச் சகோதரிகளே, முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். போன தவக்காலத்தில் நீங்கள் எல்லோரும் என் பித்தப்பைக்காகச் செபித்தீர்கள். என் பித்தப்பைக்கு அன்றும் ஒன்றுமில்லை, இன்றும் ஒன்றுமில்லை. நோய் இருந்தது மார்பில்.

ஒன்பது வருடங்களுக்கு முன், சின்ன மகள் பால்குடி மறந்த பிறகு, சென்னைக்குப் போய் இரண்டு மார்பிலும் சிலிக்கான் பை வைத்துக்கொண்டு வந்தேன். ஆசிரியர் பயிற்சி என்று வீட்டில் சொன்னேன். என்னை யாரும் செய்யச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நின்று நானே முடிவு செய்தேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவரிடம் அவர் லீவில் வந்தபோது சொன்னேன். "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வருடம் பொங்கல் கழிந்ததும் இடது மார்பு கொட்டாங்கச்சி மாதிரி இறுகியது. பிறகு ஒரே வாரத்தில் வீங்கி, ரவிக்கைக்கு ஊக்குப் போட முடியாமல் போனது. இலுப்பூரில் காட்டினேன். திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "உள்ள பை கிழிஞ்சிருக்கு. சுத்தி நீர் கோத்திருக்கு. ரெண்டையுமே எடுத்துரணும். அபூர்வமா இந்த நீர்ல கேன்சர் இருக்கும். டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்."

திரும்பி வரும்போது கண்டக்டர் மூன்று முறை கேட்ட பிறகுதான் ஊர்ப்பேர் என் வாயில் வந்தது. கடவுள் கொடுத்த நோய் என்றால் அவரிடமே போய் அழலாம். இது நானே தேடிப் போய் வைத்துக்கொண்டது. எந்த முகத்தோடு அவரிடம் கேட்பது? இரண்டு பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு இந்தக் காரணத்துக்காகச் சாகப் போகிறேனே என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன்.

அந்த வாரம் தெருவார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன். நம் லூர்துமேரி அக்கா விடவில்லை. "என்ன ஆபரேஷன்னு சொல்லு செலினு, செபக் கருத்துல எழுதணும்ல?" பித்தப்பையில் கல் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டில் மைக்கில் வாசித்தார்கள். ஊரே "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நான் தலையை நிமிர்த்தவில்லை. மறுநாள் முதல் வீட்டுக்கு வாழைத்தண்டு வரத் தொடங்கியது. அது சிறுநீரகக் கல்லுக்கு என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், மூன்று வாரம் தினமும் செபமாலை சொன்னார்கள். பித்தப்பைக்கு. பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த எனக்கு ஒரு அருள்நிறை மந்திரம்கூட முழுதாக வரவில்லை. என் பொய்யால் இவர்கள் செபமும் வீணாகப் போகிறதே என்று பதறினேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்னோடு தங்கப் போவது அத்தைதான். மறைக்க இனி வழியே இல்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் தனியாக ஆவூர் மாதா கோயிலுக்குப் போனேன். உள்ளே ஆள் இல்லை. வாய்விட்டு அழுதேன். கேன்சர் இல்லாமல் பண்ணு என்று கேட்கத் துணிவு வரவில்லை. "தாயே, எல்லாம் தெரிஞ்ச ஒரு ஆளை எம்பக்கத்துல வையி" என்று மட்டும் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று நர்ஸ் கையெழுத்துத் தாளோடு வந்தார். அத்தையைப் பார்த்து, "பாட்டி, ரெண்டு மார்புலயும் வச்சிருக்க சிலிக்கான் பையை எடுக்கிறதுக்குத்தான் ஆபரேஷன். சம்மதம்னு போடுங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தை எல்லாவற்றையும் நர்ஸிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள். நர்ஸ் போனதும் என் பக்கம் திரும்பினார்கள். முகம் சிவந்திருந்தது.

"ஏத்தா, மூணு வாரமா பித்தப்பை பித்தப்பைன்னு மாதாகிட்டக் கெஞ்சிக்கிட்டுல்ல கெடக்கேன்! ஒரு வார்த்தை சொன்னா என்ன? வச்சது வச்சிட்ட, சொல்றதுக்கு என்ன வெக்கம்?"

கோபம் நிஜமான கோபம். கட்டிலை விட்டு எழுந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மடியிலிருந்து செபமாலையை எடுத்தார்கள். சிலுவை அடையாளம் போட்டு, அந்த வார்டே கேட்கச் சொன்னார்கள்.

"தாயே, இவ பொய் சொல்லிட்டா. பித்தப்பை இல்ல, மாரு. ரெண்டு மாரும். நான் மொதல்லருந்து சொல்றேன், கேட்டுக்க."

முதல் மணியிலிருந்து ஆரம்பித்தார்கள். அன்றைக்குத்தான் நான் ஒரு செபமாலையை முழுதாகச் சொன்னேன். நான் கேட்ட ஆள் வந்துவிட்டார் என்பது பாதியிலேயே புரிந்துவிட்டது.

ஆபரேஷன் சுகமாக முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் ரப்பர் குழாய், முனையில் இரத்தநீர் சேரும் குடுவை. அவற்றை நைட்டியில் ஊக்குக் குத்தி மாட்டி, கக்கூசுக்குக் கூட்டிப் போனது அத்தை. குழாய் எடுத்த அன்று கண்ணாடி பார்த்தேன். தோல் வற்றிச் சுருங்கிக் கிடந்தது. கதறினேன். "அழு. நல்லா அழு. கஞ்சியை மட்டும் ஒதுக்கிறாத" என்றார்கள். டெஸ்ட் முடிவுக்குப் பதினோரு நாள் காத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன்.

கேன்சர் இல்லை. இயேசுவுக்கும் மாதாவுக்கும் கோடி நன்றி.

இப்போது ரவிக்கையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறேன். மகள்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். கண்ணாடி முன்னால் இன்றும் சில நாள் மனசு கனக்கிறது. ஆனால் செபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருகிறது.

வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய் உங்களில் யாருக்காவது இருந்தால், ஒரே ஒருவரிடமாவது அதை அதன் பெயரால் சொல்லுங்கள். அந்த ஆளை மாதா காட்டுவாள், நம்புங்கள். கோயில் இதழில் மார்பு என்று எழுதலாமா என்று எனக்கே தயக்கமாக இருந்தது. அத்தையிடம் கேட்டேன்.

"ஏன், மாதா புள்ளைக்குப் பால் குடுக்கலையா? எழுது" என்றார்கள்.