கரண்ட் போகாத வீட்டில் எழுதிய எக்ஸ்டென்ஷன்

விருத்தாசலத்திலிருந்து போன் வந்தாலே எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பேன். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேப். நோயாளிகளின் விவரங்களைப் பதிவு செய்ய நான் எழுதிக் கொடுத்த வெப் அப்ளிகேஷன்தான் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே டைப் அடிக்கும் பெண் மத்தியானமானால் கூப்பிட்டு அதே பாட்டைப் பாடுவாள்.

"மேடம், காலையில அடிச்சதுல பாதியக் காணும் மேடம்."

"கடைசிப் பக்கத்துல சேவ் பட்டனை அமுக்கினீங்களா இல்லையா?"

"கடைசிப் பக்கம் வர்றதுக்குள்ளயே காணாம போயிடுது மேடம். அடிச்சிகினேதான் இருக்கேன்."

"இங்க எல்லாம் நல்லாத்தானே ஓடுது!"

இந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. இங்கே என்றால் நெய்வேலி நகரியம், எங்கள் குவார்ட்டர்ஸ், முன் அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த என் கம்ப்யூட்டர். இங்கே அது ஒரு நாள் கூடத் தகராறு செய்ததில்லை.

அப்போது எனக்கு வேலை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். படிப்பை முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தெர்மலில், அதாவது அனல்மின் நிலையத்தில், ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார், ரிட்டயர்மென்ட் பக்கத்தில் வந்துவிட்டது. ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே வடலூர் போகும் வழியில் கட்டி வைத்திருந்த சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். அந்த லேப் வைத்திருந்த டாக்டருக்கு இன்னும் இரண்டு ஊரில் லேப் இருந்தது. இது ஒழுங்காக ஓடினால் அவையும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் எனக்கு இரண்டு வழிதான் மிச்சம். அப்பாவின் நண்பர் சொல்லி வைத்திருந்த கான்ட்ராக்ட் டேட்டா என்ட்ரி வேலை ஒன்று. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி தட்டு தூக்குவது இன்னொன்று.

அந்த அப்ளிகேஷனை நான் ஒன்றும் அடியிலிருந்து கட்டவில்லை. யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அதற்கென்று பிரேம்வொர்க் இருக்கிறது. அது குவார்ட்டர்ஸ் மாதிரி. சுவர், கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். நாம் சாமானோடு போய்க் குடியேற வேண்டியதுதான். அதில் இல்லாத ஒன்று வேண்டுமென்றால் சுவரை இடிக்க முடியாது, பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுச் சாய்ப்பு இறக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் டவுன்ஷிப்பில் ஷீட் இறக்காத வீடு உண்டா? அந்த ஷீட்டுக்குப் பெயர்தான் எக்ஸ்டென்ஷன். யாரோ ஒருவர் எழுதி இலவசமாக நெட்டில் போட்டு வைத்திருப்பார், எடுத்து மாட்டிக்கொள்ளலாம். நீளமான படிவத்தை நான்கு பக்கமாகப் பிரித்து வாங்கி, கடைசியில் மொத்தமாகச் சேமிக்கிற எக்ஸ்டென்ஷன் ஒன்றை நான் மாட்டியிருந்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதியது. அழகாக இருக்கும், பார்த்தாலே ஆசை வரும்.

லேபில் காணாமல் போனதெல்லாம் அந்த நான்கு பக்கப் படிவத்தில்தான். ஆகவே அந்த ஆளுக்கே எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பணிவாக ஆரம்பித்துக் கடைசியில் கொஞ்சம் சூடாகவே முடித்து, நடப்பதையெல்லாம் லேப் சர்வர் தானாகக் குறித்து வைக்கும் லாக் ஃபைலையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வந்தது. 'உங்கள் சர்வரின் லாக் ஃபைலைப் பார்த்தேன். அது ஏன் பட்டப்பகலில் இத்தனை முறை நின்று நின்று கிளம்புகிறது? முதலில் அதைச் சரி செய்யுங்கள்' என்று இருந்தது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, கம்ப்யூட்டரை எதுக்கு அடிக்கடி ஆஃப் பண்றீங்க?"

"நான் எங்க மேடம் ஆஃப் பண்றேன்? கரண்ட் போவுதில்ல?"

"கரண்டா?"

"என்னா மேடம் கேக்கறீங்க! இங்க கரண்ட் இருந்தாத்தானே அதிசயம். காத்தால போவும், மத்தியானம் போவும், சாயந்திரம் போவும். உங்களுக்குப் போவறதில்லையா?"

போவதில்லை. அதுதான் விஷயம். தமிழ்நாடே பவர் கட்டில் வெந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. பேப்பரில் தினமும் படித்தேன், டிவியில் பார்த்தேன். ஆனால் நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கும் ஊரில், குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது வேறு எங்கோ பெய்கிற மழை. அவளுக்கோ கரண்ட் போவது சொல்லத் தகுந்த செய்தியே இல்லை, அதனால் அவள் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் போய் எல்லாவற்றையும் பொருத்திய ஞாயிற்றுக்கிழமை, பார்த்து வைத்தது மாதிரி, மூன்று மணி நேரமும் கரண்ட் இருந்து தொலைத்தது. கடைசிப் பக்கம் வரும் வரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் நினைவில் மட்டுமே வைத்திருந்த அந்த எக்ஸ்டென்ஷன்காரருக்கும் கரண்ட் போகும் என்பது தெரியாது. அவரும் ஒரு நெய்வேலிக்காரர்தான், கடல் தாண்டி இருக்கிறார், அவ்வளவுதான்.

இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரையும் சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "அது ரத்தம் வெக்கிற ஃபிரிட்ஜுக்கே பத்தல. ஃபிரிட்ஜை நிறுத்திட்டு உன் சாஃப்ட்வேருக்குக் குடுக்கணுமாம்மா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "வேற கம்பெனி ஆளு வந்து பேசிட்டுப் போயிருக்கான். வர்ற சனிக்கிழமை நீ வந்து காட்டு. அன்னிக்கும் இதே கதைன்னா விட்டுரும்மா, சங்கடப்படாத" என்றார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. சங்கடப்படாதே என்றதில்தான் எனக்கு அழுகை வந்தது.

சரி, நானே ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதுவது என்று உட்கார்ந்தேன். வேறு வழி? படிவத்தின் ஒரு கட்டத்தில் டைப் அடித்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போதே அதுவரை அடித்தது டிஸ்க்கில் எழுதப்பட வேண்டும். கரண்ட் போய் வந்தால், 'பாதியில் விட்டதைத் தொடரலாமா?' என்று அதுவே கேட்க வேண்டும். எழுதிவிட்டேன். ப்ரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்த்தேன், எல்லாம் பத்திரம். ஆனால் அந்தச் சோதனை பொய் என்று எனக்கே தெரிந்தது. ப்ரோகிராம் சாவது வேறு, கரண்ட் போவது வேறு. டிஸ்க்கில் எழுதிவிட்டேன் என்று கம்ப்யூட்டர் வாயால் சொல்லும், உண்மையில் மெதுவாகத்தான் எழுதும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் என்ன மிஞ்சும்? போனால்தான் தெரியும். லேபில் டைப் அடிக்க ஒன்று, சேமிக்கும் சர்வர் ஒன்று என்று இரண்டு இருப்பது போலப் பக்கத்து வீட்டுப் பழைய கம்ப்யூட்டரையும் வாங்கி வந்து இணைத்திருந்தேன். இரண்டும் ஒரே நொடியில் சாக வேண்டும்.

வராந்தாவுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பகலில் தூங்கும்போது எங்கள் வீட்டில் குக்கர் கூட விசில் அடிக்காது. அம்மா அப்படிப் பழக்கி வைத்திருந்தார். நான் அவரை மறந்தே போனேன். ஃபேன் நின்றது. அது சுற்றி ஓய்வதற்குள் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"ட்ரிப்பா? எந்த யூனிட்?"

அரைத் தூக்கத்தில், கண் கூடச் சரியாகத் திறக்காமல், அப்பா லுங்கியை அவிழ்த்துப் பேன்ட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆணியிலிருந்து சட்டையை உருவி மாட்டியபடியே கூடத்துக்கு வந்தார். பொத்தான்கள் ஒன்றுக்கொன்று மாறிப் போயிருந்தன. "கேட் பாஸ் எங்கடி? போன் வந்துச்சா?" என்று அம்மாவிடம் கேட்டார். அலமாரியில் வண்டிச் சாவியைத் தேடினார். அவர் உலகத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் போவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: தெர்மலில் ஏதோ ஒரு யூனிட் நின்றுவிட்டது.

"அப்பா... நான்தான்ப்பா ஆஃப் பண்ணேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெயின் சுவிட்சைப் பார்த்தார்.

"கரண்ட ஆஃப் பண்றதெல்லாம் ஒரு வேலையா? அறிவு இருக்கா உனக்கு? ஒரு நிமிஷம் உயிரே போயிருச்சு எனக்கு!"

நானும் விடுபவளா? "எனக்கு மட்டும் போகலையா? தினம் தினம் போகுதுப்பா!" என்று கத்திவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். லேப், அந்தப் பெண், சனிக்கிழமை எல்லாவற்றையும் அழுகையோடு அழுகையாகக் கொட்டினேன். இது போனால் எனக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொன்னேன். அப்பா சட்டைப் பொத்தான்களைச் சரிப்படுத்திக்கொண்டே கேட்டார். அவிழ்க்கவில்லை.

"இப்ப ஆஃப் பண்ணியே, அடிச்சது இருக்குதா?"

போட்டுப் பார்த்தோம். இல்லை. பாதி எழுதிய ஃபைல் கெட்டுப் போய், அதற்கு முன்னால் அடித்தவற்றையும் சேர்த்து விழுங்கியிருந்தது.

"நீயே ஆஃப் பண்ணா சரியா வராது. எப்ப போவும்னு உனக்குத் தெரியுமே. தெரிஞ்சா கை தானா நின்னுக்கும்" என்றார் அப்பா. "நீ போய் அடி. நான் சொல்லாம ஆஃப் பண்றேன்."

வராந்தாவில் நாற்காலியைப் போட்டு மெயின் சுவிட்சுக்கு அடியில் உட்கார்ந்தார். நான் பொய்ப் பெயர்களையும் பொய்ச் சர்க்கரை அளவுகளையும் அடித்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் போகவே இல்லை. எட்டிப் பார்த்தால், கையைச் சுவிட்சின் மேல் வைத்தபடி சும்மா இருக்கிறார்.

"என்னப்பா?"

"இரு. கை வர மாட்டேங்குது."

கை வந்த பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரும் நேரம் பார்த்து இறக்குவார். போட்ட உடனே இன்னொரு முறை இறக்குவார். அடுக்களையில் சட்னி பாதி அரைபட்டு நிற்க, அம்மா கரண்டியோடு வந்தார். "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கிற மனுஷன் வீட்டுக்குக் கட் பண்றதைப் பாரு! நல்லா இருக்குது அப்பன், மக லட்சணம்!" அன்றும் மறுநாளும் எனக்குக் கிடைத்ததெல்லாம் தோல்விதான். பழைய ஃபைலைத் தொடாமல் புதிதாக ஒன்றில் எழுதி, அது டிஸ்க்கில் முழுதாக இறங்கியதை உறுதி செய்த பிறகே பழையதன் இடத்தில் வைப்பது என்று மாற்றினேன். அதற்குப் பிறகு அப்பா எப்படி இறக்கினாலும் அடித்தது அப்படியே இருந்தது.

சனிக்கிழமை விருத்தாசலம் போனேன். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுக் காத்திருந்தால், கரண்ட் போகவில்லை.

"டிபன் நேரத்துக்குக் கரெக்டா போயிடும் மேடம். இன்னிக்கு என்னா வந்துச்சோ" என்றாள் அந்தப் பெண். என்னைவிடச் சின்னவள். நான் போனில் கத்தியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாமல் டீ வாங்கிக் கொடுத்தாள். மத்தியானமும் போகவில்லை. மெயினை இறக்கட்டுமா என்று கேட்டால், மெஷினில் ரத்தம் சுற்றுகிறது, தொடாதே என்றார் டாக்டர். அவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். கடவுளே, கரண்ட் போகட்டும், போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்கு அன்று பகல் ஷிப்ட். அவர் அங்கே கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்டிருக்க, மகள் இங்கே உட்கார்ந்து போகச் சொல்லி வேண்டுகிறேன். என்ன பிறவியோ நான்!

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கரண்ட் போயிற்று. தெருவே 'ச்சே' என்றது. நானும் அந்தப் பெண்ணும்தான் கையைப் பிடித்துக்கொண்டோம். ஒரு பெரியவரின் விவரம் மூன்றாவது பக்கத்தில் பாதியில் நின்றிருந்தது. கரண்ட் திரும்பி வரும் வரை ரிப்போர்ட் கவரால் விசிறிக்கொண்டு, வியர்வையில் ஊறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது. அவள்தான் கம்ப்யூட்டரைப் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருக்குதுக்கா! சர்க்கரை வரைக்கும் அப்படியே இருக்குதுக்கா!"

மேடம் அக்காவானதை நான் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். டாக்டர் பையை மறுபடி கீழே வைத்துவிட்டு, மற்ற இரண்டு லேபுக்கும் எப்போது போடுகிறாய் என்று கேட்டார்.

அப்பா ரிட்டயரானார். பின்பக்க ஷீட்டைக் கழற்றிக் குவார்ட்டர்ஸைப் பழையபடி ஆக்கி, சாவியை ஒப்படைத்துவிட்டுப் புது வீட்டுக்கு வந்தோம். வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் அடுத்த லேபுக்கான வேலையில் இருந்தேன், அப்பா உள்ளே கண்ணயர்ந்திருந்தார். கரண்ட் போனது. ஃபேன் ஓய்வதற்குள் கட்டில் கிறீச்சிட்டது.

நான் போய்ப் பார்த்தபோது அவர் பேன்ட், சட்டை போட்டு, வண்டிச் சாவியோடு வாசற்படியில் நின்றிருந்தார். தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, இங்க வழக்கமா போறதுதான்ப்பா."

அவர் தலையாட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீ அடிச்சதெல்லாம் இருக்குதா?"

"இருக்குதுப்பா."

"அப்ப சரி" என்று படியில் உட்கார்ந்தார். கரண்ட் வரும் வரை சட்டையைக் கழற்றவில்லை.