ஏழாவது வரி

எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். ஷா ஆலம் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பரிசோதிக்கும் வேலைக்கு அது உதவுகிறது. இந்தப் பழக்கம் ஒன்பது வயதிலேயே இருந்தது. அதனால் ஒரு காரியம் கெட்டதும் அப்போதுதான்.

கிள்ளானில் அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். அந்த வருடம் அவருடைய இடது கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. வாசிப்பது நின்றது. பிறகு சட்டைப் பொத்தானையும் அம்மாதான் போட்டுவிட வேண்டியிருந்தது. சென்னைக்குப் போய்த் தலையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவானது. என்னிடம் மட்டும், கைக்கு மருந்து போடப் போகிறார் என்றார்கள்.

மாமா புறப்பட வேண்டிய அதே வாரம், நான் படித்த பிரிக்பீல்ட்ஸ் வயலின் வகுப்பில் ஆளுக்கொரு கலைஞரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செக் நாட்டுக்காரர் ஒருவர். பெயர் என் வாயில் நுழையவில்லை. மாமா தன் பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அப்பாவே முதல் ஆசிரியர். சிறுவயதிலேயே மேடை. பிராக் நகரத்தில் படிப்பு. பிறகு வியன்னா, பெர்லின். மாஸ்கோவில் பேராசிரியர். ஆறாவது, நோய் வந்து வேலையை விட்டுச் சிகிச்சைக்குப் புறப்பட்டார். அங்கே மாமா புத்தகத்தை மூடினார். ஏழாவது வரியைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்: குணமாகித் திரும்பி வந்து மறுபடியும் வாசித்தார்.

சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியை அந்த வரிக்கு இல்லையென்று தலையை ஆட்டினார். இரண்டு மதிப்பெண் போயிற்று. அப்பா என்னை வீட்டுக்கு அழைத்து வந்தபோது மாமாவின் பெட்டி வாசலில் இருந்தது. விமான நிலையத்துக்கு அப்பாதான் கொண்டுபோய்விட வேண்டும். அம்மா கார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் தாளோடு ஓடினேன்.

"மாமா, ஏழாவது தப்பு. அந்தாளு திரும்பி வரவே இல்ல. போற வழியிலயே செத்துட்டாராம். டீச்சர் சொன்னாங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் தோள் வலித்தது.

"விடு லா அக்கா, பிள்ளை சரியாத்தான் சொல்லுது," என்றார் மாமா. பிறகு என்னிடம், "நான் கடைசிப் பக்கம் படிக்கல, கண்ணு. பேனா குடு."

கார் மூடியின் மேல் தாளை வைத்தார். அது நழுவிக்கொண்டே இருந்தது. இடது கையால் அழுத்த முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். அந்த வரியை அடித்துவிட்டு, சரியானதை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

"உள்ள வந்து உட்காரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பலாம்," என்றார் அப்பா. மாமா மைலோ குடித்த கோப்பை வாசலிலேயே இருந்தது, அதற்குள் எப்படித் தாகம் எடுத்தது என்று நினைத்தேன். தும்மினால்கூட உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் யாரும் படி இறங்குவார்கள்.

மாமா சென்னையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. பல வருடம் கழித்து அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அந்தச் செக் நாட்டுக்காரர் இறந்ததைச் சொல்லும் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறெந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு பென்சில் கோடு இருந்தது.

அன்று கார் தெருமுனை திரும்பும்வரை தாளை ஆட்டிக்கொண்டே நின்றேன். அம்மா ஏன் கற்பூரத் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. ஏழு வரியும் இப்போது சரியாக இருந்தன.