அம்மாவுக்கு இதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்

இந்த ஒரு வரி என் குரலிலேயே எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மீன் கழுவும்போது கேட்கிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கிறது. சொன்னது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

கணவருக்கு ரங்கத் என்கிற தீவு ஊருக்கு மாற்றலாகி வந்தபின் பொழுது போகாமல் வீடியோ போட ஆரம்பித்தேன். ஆன்லைனில் வாங்கினால் எந்தப் பொருள் தீவுக்கு வந்து சேரும், எது பாதியிலேயே திரும்பிப் போகும் என்பதுதான் விஷயம். கீழே லிங்க் கொடுப்பேன். யாராவது அதை அழுத்தி வாங்கினால் எனக்குக் கமிஷன். கமிஷன் வாங்குவதைப் பார்ப்பவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்று விதி இருந்தது. நானும் சொன்னேன். ஆங்கிலத்தில், வீடியோவுக்குக் கீழே, 'மோர்' என்பதை அழுத்தினால் மட்டும் தெரிகிற கடைசி வரியில். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்காவின் குடும்பம் ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. லிங்க் என்றால் அவருக்கு ஆள் செல்வாக்கு. "இந்தப் புள்ளைக்கு மெயின்லேண்டுல பெரிய லிங்க் இருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் திருத்தவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

ஒரு முறை காது மெஷினுக்கு வீடியோ போட்டேன். பெட்டியைப் பிரித்ததோடு சரி, காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்கம்மாவுக்கு இதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். இப்ப அவங்களுக்கு நல்லா கேக்குது" என்றேன்.

அம்மா இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. கடைசிக் காலத்தில் அவருக்குக் காது மந்தம். போனில் கத்திக் கத்தி எனக்கு எரிச்சல் வரும், பாதியில் வைத்துவிடுவேன். ஒரு மெஷின் வாங்கித் தரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காது மந்தம்தான். தன் மகளிடம் சொல்லி என் லிங்க்கிலேயே அந்த மெஷினை வரவழைத்தார். வந்த அன்றே காதில் மாட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"மெசின் கராப் போல புள்ள. உள்ளுக்க ஒரே எரைச்சல். ஒங்கம்மா எப்பிடி வைக்கிறாங்கன்னு போன் போடு. நானே கேக்குறேன், குடு."

கையை நீட்டிக்கொண்டு நின்றார். நெட்வொர்க் இல்லை என்று சைகை காட்டினேன். மறுநாளும் வந்தார். அம்மா தூங்குகிறார் என்றேன். அதன்பிறகு போன் அடித்தாலே அம்மாதான் கூப்பிடுகிறாரோ என்று திரையைப் பார்க்கவே பயந்தேன்.

மெஷினைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை, தீவிலிருந்து எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் அக்கா கவலையோடு கேட்டார்.

"ஒங்கம்மாவுக்கு மேலுக்கு சொகமில்லையா புள்ள? நான் வேணா கோயில்ல வெளக்குப் போடவா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அம்மா இல்லக்கா" என்றேன்.

"என்னா?"

"இல்லக்கா! செத்துப் போயிட்டாங்க!"

"சத்தமா சொல்லு, எரையுது."

"அம்மா செத்து மூணு வருசம் ஆச்சு! நான் சொன்னது பொய்! அது விளம்பரம்! நீங்க வாங்கினா எனக்குக் கமிஷன் வரும்!"

தெருவே கேட்கும்படி கத்தினேன். எதிர்க்கடை வங்காளிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அக்கா மெஷினைக் கழற்றினார். திட்டுவார் என்று நின்றேன். அவரோ உள்ளே வந்து உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். துக்கம் விசாரிக்கத்தான் பிடிக்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது.

"போகையில பக்கத்துல இருந்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன். கப்பலும் இல்லை, விமானத்தில் இடமும் இல்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். இந்தத் தீவில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அக்கா முன்பின் பார்த்திராத என் அம்மாவுக்காக அழுதார். நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "செத்தவங்கள உசுரோட இருக்காங்கன்னு சொல்ல ஒனக்கு எப்பிடி புள்ள மனசு வந்திச்சு?"

விரலைச் சுண்டி, காசுக்காக என்று காட்டினேன். அது முழு உண்மை இல்லை. 'இப்ப அவங்களுக்கு நல்லா கேக்குது' என்பதை அன்று நான்கு முறை பதிவு செய்தேன். முதல் முறையே சரியாகத்தான் வந்திருந்தது.