பட்டறைக்கு வந்த ஹேர் டிரையர்

டாக்டரம்மாவின் கார் மூன்றாவது முறையாகக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டபோது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முடிச்சூர் சாலையில் அப்போது எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை. தகரக் கூரை, இரண்டு கார் நிற்கும் இடம். அவர் செம்பாக்கத்தில் ஹோமியோபதி கிளினிக் வைத்திருந்தார். கார் நன்றாக ஓடும், சூடேறினால் பொசுக்கென்று நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

முதல் முறை பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். அடுத்த முறை பிளக், காயில், ஒரு சென்சார். இரண்டு தடவையும் "இனிமே தொந்தரவு இருக்காதும்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

இந்தத் தடவை வண்டியை ஓட விட்டு, நின்றுபோன சூட்டோடு மீட்டரை வைத்துப் பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். ஈ.சி.எம். என்போம். அந்த வருடங்களில்தான் அப்படிப்பட்ட கார்கள் எங்கள் பக்கம் நிறைய வரத் தொடங்கியிருந்தன. பெட்டிக்குள் போகும் பேட்டரி கரண்ட் சரியாக இருந்தது. எர்த் சரியாக இருந்தது. ஆனால் சென்சார்களுக்குப் பெட்டி அனுப்ப வேண்டிய ஐந்து வோல்ட் வரவில்லை. வண்டி ஆறியதும் அதே ஒயரில் ஐந்து வோல்ட் வந்தது. பெட்டிக்குள்தான் கோளாறு. புதுப் பெட்டி வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியாது. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு முறைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். பதினோரு வருடம். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு கம்பெனி வேனில் போவாள், கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருவாள். ஏதோ எலக்ட்ரானிக் போர்டு செய்கிறார்கள் என்று தெரியும். அங்கே அவள் வேலை இன்னதென்று நான் கேட்டதில்லை.

"சூடானா போகுது, ஆறினா வருதா?" என்றாள். "அப்போ டிரை ஜாயின்ட்டா இருக்கும், உள்ள எங்கயோ ஈயம் விட்டிருக்கும். வண்டியில மாட்டி, ஓடறப்போ சூடு காட்டிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டறைக்கு வந்தாள், கையில் எங்கள் வீட்டு ஹேர் டிரையரோடு. நான் பெட்டியை மாட்டி எஞ்சினை ஓட விட்டேன். பார்த்துவிட்டுப் போகலாம் என்று டாக்டரம்மாவும் வந்திருந்தார். மனைவி பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு காகித அட்டையை மடித்து டிரையர் முனையில் குழாய்போல் பிடித்து, ஒவ்வொரு மூலையாகச் சூடு காட்டினாள். மூன்றாவது மூலையில் எஞ்சின் செத்தது. ஆறவிட்டுத் திரும்பவும் காட்டினாள். அதே இடத்தில் திரும்பவும் செத்தது.

பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். "போர்டுல அந்தக் கம்பிக்கால் பாருங்க, சுத்தி முடி மாதிரி ஒரு கோடு." பார்த்தேன். ஈயத்தில் மெல்லிசாக ஒரு வளையம், விரிசல். பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக வைத்தாள். ஒரு துளி. மணிமாதிரி பளபளத்தது.

அப்புறம் எவ்வளவு சூடு காட்டியும் எஞ்சின் நிற்கவில்லை. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கேம்மா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"எங்க லைன்ல ரிஜெக்ட் ஆகிற போர்டெல்லாம் எங்கிட்டதான் மேடம் சரிபண்ண வரும்."

பதினோரு வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. என் பட்டறையில், என் ஸ்டூலில் உட்கார்ந்து, என்னுடைய வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஸ்பானரைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து வோல்ட் வரவில்லை என்று கண்டுபிடித்தவன் நான்தானே என்று சொல்ல வாய் வரை வந்தது. இரண்டு தடவை தப்பான சாமானை மாற்றியதும் நான்தானே என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "மேடம் இல்லையா?" என்று கேட்டார்கள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, கூப்பிட்டால் வருவாள் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

அப்படித்தான் பொழிச்சலூர் டாக்ஸிக்காரர் வந்தார். ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறவர். அவர் காரிலும் அதே மாதிரி கோளாறு. "அண்ணா, அக்கா கீறாங்களா? பொட்டிக்கு ஈயம் வெப்பாங்களாமே?"

"அதுக்கு அக்கா எதுக்கு? நானே வெப்பேன்" என்றேன்.

அவள் செய்ததைப் பார்த்திருந்தேன். ஈயம் பற்றவைக்கும் அவள் சால்டரிங் அயர்னையே எடுத்துவந்தேன், அவளிடம் சொல்லாமல். அந்தப் பெட்டிக்குள் பசை மாதிரி ஏதோ ஊற்றியிருந்தது. அதைச் சரியாக எடுக்காமல் சூட்டை வைத்து அழுத்தினேன். ஈயம் உருகவில்லை. இன்னும் அழுத்தினேன். புகை வந்தது. கையை எடுத்தபோது போர்டிலிருந்து செம்புப் பட்டையே பிய்ந்து அயர்னோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எப்போதாவது நின்றுகொண்டிருந்த வண்டி, இப்போது கிளம்பவே இல்லை.

சாயங்காலம், ஒரு டாக்ஸிக்காரருடையது என்று சொல்லிப் போர்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"நாளன்னிக்கு ஞாயிறு. எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

நான் ஏன் கேட்கவில்லை என்பது அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பொறாமையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பொறாமையோடவே வந்து கேளுங்க. பாவம், அந்த ஆளு வண்டி என்ன செஞ்சுது?"

எனக்குக் காது சுட்டது.

பிய்ந்த பட்டை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எந்தப் பின் எந்த ஒயருக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஞாயிறு காலை முழுக்க நான் மீட்டரை வைத்துச் சொல்லச் சொல்ல, தலைமுடி அளவுக்கு ஒரு செம்புக் கம்பியை அவள் இரண்டு முனையிலும் பற்றவைத்தாள். மூன்றாவது முயற்சியில் வண்டி கிளம்பியது.

வண்டியை எடுக்க வந்த டாக்ஸிக்காரரிடம், நீங்களே சொல்லுங்கள் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான்தான் போர்டைக் கெடுத்தேன், இவள்தான் சரிசெய்தாள் என்று சொன்னேன். இரண்டு நாள் சவாரி போய்விட்டதே என்று அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அதான் மொதல்லயே அக்கா கீறாங்களான்னு கேட்டேன்ல?" என்று சிரித்துவிட்டு, அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கத்தியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

அதன்பிறகு யார் வந்து கேட்டாலும், "ஞாயித்துக்கெழமை வாங்க, அவங்க இருப்பாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஞாயிறு காலை ஷட்டரைத் தூக்கும்போது வெளியே இரண்டு பேர் பெட்டியோடு நிற்பார்கள். அவர்கள் என் தோளுக்குமேல் பார்வையைச் செலுத்தி அவளைத் தேடுவார்கள். நான் உள்ளே திரும்பி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், கொஞ்சம் சத்தமாகவே.