ஓரிரு இடங்களில் மழை

காலையில் கைப்பேசியைத் திறந்தால் வானிலைச் செய்தி: வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். உங்களுக்கு அது குடை எடுப்பதா வேண்டாமா என்கிற சமாச்சாரம். எனக்கோ அந்த 'ஓரிரு இடங்களில்' காதில் விழுந்தாலே கோபம் வரும். யார்மேல் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தொண்ணூறுகளில் கருங்குழிப் பக்கம் எங்கள் தெருவில் கோவிந்தம்மா அத்தை வீட்டில் மட்டும்தான் டிவி. வெயில் காலத்தில் சாயங்காலச் செய்திக்குத் தெருவே அங்கே கூடும். டில்லியில் எந்த ஆட்சி கவிழ்ந்தாலும் எங்களுக்குக் கவலையில்லை, கடைசியில் வருகிற வானிலைதான் வேண்டும். 'வறண்ட வானிலை' என்றால் எழுந்து போய்விடுவார்கள். 'ஓரிரு இடங்களில் மழை' என்றால் போதும், அதில் ஒன்று நம்ம ஊர்தான் என்று தெருவே முடிவு கட்டிவிடும். சிரிக்காதீர்கள், நானும் ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்தவள்தான்.

அப்படி ஒரு வருஷம் நைனா முதல்முறையாகக் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தார். நைனா என்றால் என் அப்பா. அதுவரை அடுத்தவர் கழனியில் கூலிக்கு நட்டவர், அறுத்தவர். சித்திரையில் நட்ட நெல் கதிர் தள்ளுகிற நேரத்தில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் பயிர் பிழைக்கும், இல்லாவிட்டால் எல்லாம் பதர். பயிர் போனால் குத்தகையும் போய்விடும்.

பக்கத்துக் கழனி ஏழுமலையிடம் போர்க் கிணறு இருந்தது. அவரே வந்து கேட்டார்.

"அண்ணாத்த, மோட்டார்ல தண்ணி கொஞ்சம் வந்துகினு கீது. இப்பவே பாச்சிக்க. வெளையறதுல பாதி குடு."

"பாதி குடுத்தா மறுபடியும் கூலிக்காரன்தானே நானு? டிவில மழன்னு சொல்ட்டான். பாக்கலாம்" என்றார் நைனா.

"டிவிக்காரன் உன் கயினிய வந்து பாத்தானா?" என்றாள் அம்மா. அன்று சாயங்காலமும் நைனா டிவி பார்க்கத்தான் கிளம்பினார்.

மறுநாள் மத்தியானம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லோரும் வரப்பில் நின்றோம். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது, கண்ணால் பார்த்தோம். இந்தப் பக்கம் புழுதியில் நாலு சொட்டு விழுந்து நின்றுபோனது. மண்வாசனை மட்டும் காற்றில் வந்துகொண்டே இருந்தது. மண்வாசனை என்று ஊரே உருகும்போது எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

வீம்பை விட்டு நைனா ஏழுமலையிடம் போனபோது காலம் கடந்திருந்தது. "மோட்டார்ல காத்துதான் வருது அண்ணாத்த" என்றார் அவர். கொஞ்ச நாளில் எங்கள் கழனியில் கருகிய பயிரை மேய அம்மாவே மாட்டை ஓட்டிவிட்டாள். நைனா வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அப்புறம் மணல் லாரிக்கு லோடு ஏற்றப் பாலாற்றுக்குப் போனார். அப்போதெல்லாம் ஆற்றில் கையால் தோண்டினாலே ஊற்றுச் சுரக்கும். சோறு கொண்டுபோனால் நானும் அதில்தான் தண்ணீர் குடிப்பேன். "மணலு கீற வரைக்கும் நமக்கு வானம் வாணாம்" என்பார் நைனா. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன், வீடு கட்டினோம். குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு மண்வெட்டிகள் போய் இயந்திரங்கள் வந்தன. மணல் போனது, ஊற்றும் போனது. சுற்றுவட்டாரத்தில் போர்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றைக் கக்கின.

போன மாதம் நைனாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே களிமண் பள்ளமும் சீமைக்கருவேலமும்தான். அவர் கண்ணை மூடியிருந்தார்.

"நைனா, ஆறு வந்துடுச்சு" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எங்க கீது?"