பலாக் கொப்புக்கு ஒரு மிஷின்

மரம் அறுக்கிற மிஷின் ஒன்று வீட்டில் இருந்தால் யார் தயவும் வேண்டாம் என்று முதலில் சொன்னது செங்கோட்டையில் இருக்கும் என் தம்பி, போன சித்திரையில். தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், இந்த வேலையில் கை ஓய்ந்தாலும் யோசனை சொல்கிற வாய் ஓயாது. தம்பி சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். கேட்டுக்கொண்டிருந்த எங்க வீட்டுக்காரர் மறுநாளிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இலத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதன் பெரிய கொப்பு அடுக்களை ஓட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. சாரல் காற்று தொடங்கினால் ஓடு போகும். மிஷின் வந்தாலோ இவர் விரல் போகும். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், லத்தியைத் தவிர எதையும் பிடித்துப் பழக்கமில்லை. வழக்கமாக மரம் வெட்டுகிற முத்தையாவைக் கூப்பிட்டால், நாளைக்கு வருகிறேன் என்பான். அந்த நாளை வராது. நான் பிள்ளையாரிடம் இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்: ஓடும் நிற்கணும், பத்து விரலும் நிற்கணும்.

கடையில் விசாரணை

தென்காசியில் ஒரு கடைக்குப் போனோம். இவர் மிஷினைச் சுற்றி வந்து, களவு கேஸில் பிடிபட்டவனைக் கேட்கிற மாதிரி கேள்வி கேட்டார். கடைக்காரர் பொறுமையாக, கனத்த பூட்ஸ் வேண்டும், கையுறை வேண்டும், வெட்டுப்படாத பேண்ட் ஒன்று தனியாக வேண்டும் என்று அடுக்கினார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்காட்டி, இது போதாதா என்றார்.

"அண்ணாச்சி, மிஷினுக்குத்தான் வாரண்டி. வேட்டிக்கும், உள்ள இருக்க காலுக்கும் நாங்க பொறுப்பில்ல."

புளியறை ஆலோசனை

இவர் செக்போஸ்ட்டில் டூட்டி பார்த்த காலத்தில் பழக்கமான ஒருவர் புளியறையில் இருக்கிறார், மிஷின் வாங்கும் முன் அவரிடம் யோசனை கேட்கப் போனோம். தினமும் மிஷினால் ரப்பர் மரம் அறுக்கிறவர், பேச்சு பாதி மலையாளம். எத்தனை மரம் அறுக்கணும் என்று கேட்டார். ஒரு கொப்பு என்றார் இவர். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு சாயா குடிக்க ஆராவது தேயிலை எஸ்டேட் வாங்குமோ சாரே?"

விளக்கு எண்ணெய்

ஆனாலும் நல்ல மனுஷர், ஒருநாள் அறுத்துப் பாருங்கள் என்று தன் மிஷினை இரவல் கொடுத்தார். நான் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். வெட்டுவதற்கு முந்தின நாள் மரத்திடம் சொல்லிவிட வேண்டும் இல்லையா, பலாமரத்தடியில் சூடம் கொளுத்தி, கோவிச்சுக்காதே, உன் அணிலை எல்லாம் வேறு இடத்துக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் பார்த்தால், மிஷின் செயினுக்கு விடுகிற எண்ணெயை இவர் புளியறையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துக்கொடுத்தது நான்தான். சாமி எண்ணெய் ஒரு கெடுதலும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. ஏணியில் ஏறும் முன்னால் கீழே கிடக்கிற மாந்தடியில் பழகிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மிஷின் சூடேறச் சூடேற, தெரு முழுக்கப் பலகார வாசனை. பக்கத்து வீட்டு மல்லிகா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள், கையில் ஒரு தட்டு.

"என்ன மதினி, சத்தமில்லாம விசேஷமா? அதிரசம் சுடுதியளோ?"

முத்தையா வந்தான்

அந்த வாசனைக்குத்தான் முத்தையாவும் வந்தான். இரண்டு மாதமாக வராதவன், மோப்பம் பிடித்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டான். அதற்குள் மிஷின் பாதித் தடியில் இறுகிச் சிக்கிக்கொண்டது. இவர் ஒரு காலைத் தடியில் ஊன்றி இழுத்துக்கொண்டிருக்கிறார். நான் விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. முத்தையா இடுப்பிலிருந்து அரிவாளை உருவினான்.

"ஏட்டையா, முதல்ல கொப்பை வெட்டவா, இல்ல இந்த மிஷினை வெட்டி எடுக்கவா?"

இரண்டையும் செய்தான். அதிரசம் இல்லாததால் உளுந்தவடை சுட்டுப் போட்டேன், பன்னிரண்டு தின்றான்.

முத்தையாவை வரவழைக்க மிஷின் வேண்டாம், ஒரு எண்ணெய்ச் சட்டி போதும் என்று எனக்குத் தெளிந்துவிட்டது. எங்க வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் தெளியவில்லை, அதனால் உங்கள் தோட்டத்தில் சாய்ந்த கொப்பு ஏதும் இருந்தால் தயவுசெய்து அவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.